முயலின் கண்ணும் 110 மதிப்பெண்ணும்

தொழிற்சாலைகளில் புழங்கும் இரசாயனப் பொருள் ஒன்று மனிதனின் கண்ணில் தெறித்தால் என்ன தீங்கு விளையும் என்பதை முன்கூட்டி அறிவதற்கு, உலகம் நெடுங்காலம் ஒரே கட்டுரையை நம்பி வந்திருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரேய்ஸ், ஜெஃப்ரி வுடார்ட், ஹெர்பர்ட் கால்வெரி ஆகிய மூவரும் 1944-ஆம் ஆண்டில் மருந்தியல் ஏடொன்றில் வெளியிட்ட கட்டுரையே அது. அம்முறையைப் பற்றி எழுந்த கண்டனங்களுள் பெரும்பாலானவை முயல் படும் துன்பத்தைப் பற்றியவை. அத்துன்பம் மெய், அதனைக் குறைத்துக் கூற யாம் முன்வரவில்லை. ஆயின், அம்மூவர் வகுத்த அளவுகோல் எத்தகையது என்பதும் தனியே ஆராயத்தக்கது. ஈண்டு அதனையே நோக்குவோம்.

முறை எளியது. வெள்ளை முயலின் ஒரு கண்ணில் கீழிமையை மெல்ல இழுத்து, அதில் 0.1 மில்லிலிட்டர் பொருளை விடுவர். பொருள் வழிந்துபோகாதபடி இமைகளைச் சிறிது நேரம் சேர்த்துப் பிடிப்பர். மற்றொரு கண் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தீண்டாமல் விடப்படும். பின்னர் நாள்தோறும் கண்ணைப் பார்த்து எண் இடுவர். கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் அமைந்த விழிப்படலத்திற்கு 80, அதன் பின்னுள்ள நிறத்திரைக்கு 10, இமையின் உட்புறச் சவ்வுக்கு 20, ஆக மொத்தம் 110 மதிப்பெண்.

இந்த 80 எவ்வாறு வந்தது? படலம் எவ்வளவு மங்கியது என்பதற்கு 1 முதல் 4 வரை ஓர் எண். எவ்வளவு பரப்பு மங்கியது என்பதற்கு 1 முதல் 4 வரை மற்றோர் எண். இரண்டையும் பெருக்கி, மீண்டும் 5 ஆல் பெருக்க வேண்டும். இனி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முயலுக்குப் படலம் முழுவதும் மெல்லிய மூட்டம்; உள்ளேயுள்ள நிறத்திரை தெளிவாகத் தெரிகிறது. அதற்கு 1, 4, 5 ஆகியவற்றைப் பெருக்க 20. இன்னொரு முயலுக்குப் படலத்தின் கால்பங்கு சுண்ணாம்பு பூசியதுபோல் முற்றும் வெளுத்துவிட்டது. அதற்கும் 4, 1, 5 ஆகியவற்றைப் பெருக்க 20. மூன்றாவது முயலுக்குப் படலம் பழுதின்றி இருக்க, இமைச்சவ்வு மட்டும் சிவந்து வீங்கி நீர் வடிகிறது. சவ்வுக்குரிய முழு எண்ணும் பெற்று அதுவும் 20 அடைகிறது. முதற் கண் சில நாளில் தெளியக்கூடும். இரண்டாவதற்கு வடு நிலைத்துவிடக்கூடும். மூன்றாவது பெரும்பாலும் ஆறிவிடும். மூன்றும் ஏட்டில் ஒன்றே! வெளுத்த அந்தக் கால்பங்கு பார்வை செல்லும் நடுவிடத்தில் உள்ளதா, ஓரத்தில் உள்ளதா என்பதற்கும் இக்கணக்கில் இடமில்லை. கண்ணின் பயனே பார்வை என்பதை மறந்துவிட்ட கணக்கு இது. வலிக்கும் அதில் ஓர் எண் கிடையாது.

டிரேய்ஸ் குழுவினரின் நோக்கம் பழிக்கத்தக்கதன்று. 1933-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்னும் இமைச்சாயத்தைப் பூசிக்கொண்ட பெண்கள் பலர் கொடிய துன்பத்துக்கு ஆளாயினர்; பார்வை இழந்தவரும் உளர், உயிர் நீத்தவரும் உளர். அன்றைய சட்டத்தில் ஒப்பனைப் பொருளைத் தடுக்க வழியில்லை. 1938-இல் புதிய சட்டம் வந்தது. முயற்சோதனைக்கு நியாயம் கூறுவோர் இக்கதையையே எடுத்துக்காட்டுவர். ஆனால் அச்சாயத்தில் இருந்த பாராஃபெனிலீன்டைஅமீன் என்னும் பொருள் ஒவ்வாமையைத் தூண்டுவது. ஒருமுறை சொட்டுவிட்டுப் பார்க்கும் சோதனை எரிச்சலைக் காட்டுமேயன்றி, உடல் பழகப் பழகத் தோன்றும் ஒவ்வாமையைக் காட்டாது. சோதனைக்குப் பிறப்பிடமாகச் சொல்லப்படும் தீங்கையே அச்சோதனை கண்டிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

அடுத்து, எண் இடுபவரின் கண். மங்கல் 2-ஆ 3-ஆ என்று முடிவு செய்வது பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. 1971-இல் வைல், ஸ்காலா என்னும் இருவர் ஒரே பொருள்களைப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிட்டனர். ஓரிடத்தில் கடுமையானது எனப்பட்ட பொருள் வேறோரிடத்தில் எளியது எனப்பட்டது. புதிய விதிகளில் இம்முறையை நிலையான அளவாகக் கொள்ளலாகாது என்று அவர்கள் எழுதினர். 2016-இல் ஐரோப்பியப் பதிவுகளிலிருந்து ஏறக்குறைய 9,800 முயற்சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தவர்களும், தீங்கற்றது என்ற முடிவு மறுசோதனையில் 94 விழுக்காடும், கடுந்தீங்கு என்ற முடிவு 73 விழுக்காடும் நிலைத்தன என்று கண்டனர். இடைப்பட்ட பொருள்களின் நிலை இவற்றினும் தாழ்ந்தது. தொழிற்சாலைப் பீப்பாயின் மேல் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டு இம்முடிவுகளைக் கொண்டே எழுதப்படுகிறது. அச்சீட்டை நம்பிக் கண்ணாடி அணிவதா வேண்டாவா என்று தீர்மானிக்கும் தொழிலாளிக்கு இவ்விழுக்காடுகள் வெறும் கணக்கல்ல.

முயலின் கண் மனிதக் கண்ணும் அன்று. அதன் படலம் மெல்லியது. அது அரிதாகவே இமைக்கும். மூன்றாவது இமையொன்றும் அதற்குண்டு. இவ்வேற்றுமைகள் பலரும் அறிந்தவை.

1980 ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு ரெவ்லான் நிறுவனத்தைக் கேள்வி கேட்டார். அதன்பின் அந்நிறுவனம் மாற்று வழி காண ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 750,000 டாலர் வழங்கியது. ஆராய்ச்சிகள் பெருகின. அங்கேதான் ஒரு விந்தையான முட்டுக்கட்டை எழுந்தது. மாற்று முறை ஏற்கத்தக்கது என்று காட்ட, அதன் முடிவை முயல் தந்த எண்ணோடு ஒப்பிட வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஆணையமும் பிரிட்டிஷ் உள்துறையும் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது முறைகள் சோதிக்கப்பட்டன. எதுவும் முயலுக்கு முழு ஈடாகவில்லை. நமக்கு எழும் வினா இது: கோணல் கோலோடு பொருந்தாத கோல் கோணலா, நேரா? இவ்வினாவைத் தெளிவாக்காமலே மாற்று முறைகள் தோற்றன என்று பலர் எழுதிவிட்டனர்.

2009-இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு, இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டின் விழிப்படலத்தையும் கோழிக் கண்ணையும் கொண்டு செய்யும் சோதனைகளை ஏற்றது. 2015-இல் மனித உயிரணுக்களை வளர்த்து அமைத்த திசுவின் மேல் செய்யும் சோதனையும் ஏற்கப்பட்டது. அவ்வமைப்பின் 405-ஆம் வழிகாட்டியில் முயற்சோதனை இன்றும் உண்டு. ஆயின் அது கடைசி வழி. முதலில் ஒரு முயல் மட்டும். மருந்திடுமுன் வலி நீக்கியும் உணர்வு நீக்கியும் கொடுக்க வேண்டும் என்று 2012-இல் சேர்க்கப்பட்டது. பழைய பெருக்கற் கணக்கும் அதில் இல்லை. மங்கல், நிறத்திரையின் நிலை, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, 21 நாள் வரை கண் தெளிகிறதா என்று பார்க்கிறார்கள். 110 என்ற பழைய எண்ணைச் சுமந்த பதிவுகளோ ஆய்வுக்கூடங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுத்தாள்வோர் கூட்டுத்தொகையை விட்டு, அது எந்தெந்த எண்களால் ஆனது என்பதைப் பார்ப்பது நன்று.