அடுத்து யாரை வாசிப்பது? மலையகப் புனைகதைக்குள் ஒரு வழி

இலங்கையில் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் இடத்தில் இருக்கிறது பொல்பிட்டிய. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால்தான் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். மேலே லக்சபான, நோட்டன் பிரிட்ஜ், அதற்கும் மேலே ஹட்டன், மஸ்கெலியா என்று தேயிலை மலைகள் ஏறிக்கொண்டே போகும். இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் படித்து, வாசிப்பில் ருசி கண்ட பிள்ளைகள் அநேகம். கல்கி, மு.வ., அகிலன் என்று ஆரம்பித்து, கையில் அகப்பட்ட குடும்ப நாவல்களையும் துப்பறியும் கதைகளையும் முடித்துவிட்டு, ஒரு கட்டத்தில் தயங்கி நிற்பார்கள். படித்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கடினமானதாக, மனசை விட்டுப் போகாததாக ஏதாவது வேண்டும். அடுத்து யாரை வாசிப்பது?

தமிழில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே பெரிய வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. க.நா. சுப்ரமண்யம் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டே ஒரு புத்தகம் எழுதினார். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் வெளியிட்ட நூல்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எஸ். ராமகிருஷ்ணனின் நூறு சிறந்த சிறுகதைகள் தேர்வைப் பிடித்துக்கொண்டு வாசிக்கப் பழகியவர்கள் இன்று ஏராளம். இத்தகைய பட்டியல்கள் மிகவும் பயன்படுகின்றன. ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியல்களில் இலங்கைக்குக் கிடைக்கும் இடம் சிறிது. அதற்குள், தேயிலைத் தோட்டங்களின் மலையகத்துக்குக் கிடைப்பது அதிலும் சிறிது. இலங்கைக்குள்ளேயே கூட மலையகக் கதைகளை அறிமுகப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் துயர ஆவணமாகத்தான் அவற்றை முன்வைக்கிறார்கள். தோட்டத்து மக்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள இதைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு, அது எப்படிப்பட்ட கதை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நல்ல எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையை எடுத்துப் பார்க்கலாம். 1961இல் இலங்கைத் தினகரன் பத்திரிகையில் வந்தது. கொழுந்து பறிக்கும் லட்சுமி என்ற இளம்பெண் ஒரு நாள் வழக்கத்துக்கு மிஞ்சிய ராத்தல் பறித்துவிடுகிறாள். இத்தனையும் அவள் பறித்ததுதானா, கணக்கில் யாரோ சலுகை காட்டினார்களா என்று மலையில் பேச்சு கிளம்புகிறது. கதைக்குள் நடப்பது அவ்வளவுதான். கொடுமைக்காரத் துரை வந்து சவுக்கைச் சுழற்றுவதில்லை. பட்டினிச் சாவு இல்லை. ஒரு பெண்ணின் கைவேகத்தை ஊர் நம்ப மறுக்கிறது, அந்த அவமானத்தை அவள் எப்படி எதிர்கொள்கிறாள் என்பதில் முழுக் கதையும் நிற்கிறது. நிரை பிரித்துக் கொடுப்பது, இளவட்டங்களின் கேலி, தராசுக்கு முன்னால் கூடை இறங்கும் நேரம் என எல்லாம் போகிறபோக்கில் வந்துவிடுகின்றன. தோட்டத்தைத் தெரியாதவருக்கு விளங்கட்டும் என்று ராமையா எங்கும் நின்று விளக்குவதில்லை. அந்த நம்பிக்கையே அந்தக் கதையின் உயரம். 1980இல் அதே தலைப்பில் வந்த தொகுப்புக்கு இலங்கைச் சாகித்திய விருது கிடைத்தது.

இந்தக் கதை எப்படி வெளியே வந்தது என்பதும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. அப்போது தினகரனின் ஆசிரியர் கைலாசபதி. தேசிய இலக்கியம் என்ற பேச்சு சூடுபிடித்திருந்த காலம். இலங்கை மண்ணைப் பற்றிய எழுத்துக்கு அவர் பத்திரிகையில் தாராளமாக இடம் கொடுத்தார். இன்னொரு பக்கம் வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் தோட்டப் பகுதிச் செய்திகளுக்கும் எழுத்துக்கும் களம் அமைத்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ என்ற தொகுப்பாயின. பிடித்தமான எழுத்தாளரைத் தேடுகிறவருக்கு இப்படிப்பட்ட தொகுப்பைவிட நல்ல இடம் கிடையாது. பத்துப் பதினைந்து பேரை ஒரே இருப்பில் படித்துவிடலாம். அதில் ஒருவர் குரல் காதில் தங்கும். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். 1997இல் துரைவி பதிப்பகத்துக்காகத் தெளிவத்தை ஜோசப் தொகுத்த ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ இரண்டும் இந்த வேலையை இன்னும் விரிவாகச் செய்தன. மலையகச் சிறுகதையை ஒரே மூச்சில் அறிய விரும்புகிறவர் கேட்டு வாங்க வேண்டியவை அவை.

அச்சில் சிறுகதை வருவதற்கு முன்னால் பாட்டு இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் யாராவது எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் நல்லதங்காள் கதையையோ அல்லி அரசாணி மாலையையோ பெரிய எழுத்துப் புத்தகத்திலிருந்து ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் அந்தக் காதுகளை நம்பித்தான் அரசியல் செய்தார். தொழிற்சங்கக்காரர் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் பாய்ந்த நாளில், துணி வியாபாரியாக உள்ளே போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பத்திரிகை, துண்டுப் பிரசுரம், நாடகம் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளருக்காகப் பாட்டு எழுதி அச்சிட்டார். இவர்களைப் பற்றி ஆதாரத்தோடு அறியச் சாரல் நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ போதும். நாவலைப் போல விறுவிறுப்பாக வாசிக்கலாம்.

பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை வேறு வழியில் வந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தன் மக்களை நாடற்றவர்களாக்கியதை உள்ளே இருந்தே பார்த்தவர். முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். 1954இல் வந்த அவருடைய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலஅய்யா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ நாவல்களைவிட சி.வி.யின் கைவண்ணம் தெரியும் இடம் அந்தக் கவிதைதான். நாவல்களில் அரசியல்வாதியின் குரல் அடிக்கடி மேலோங்கிவிடுகிறது.

அறுபதுகளில் தொடங்கிய நாவல் வரிசையில் ஒரு விசேஷம் உண்டு. எழுதியவர்களில் பலர் வெளியிலிருந்து தோட்டத்துக்கு உத்தியோகத்துக்காக வந்தவர்கள். நந்தியும் தி. ஞானசேகரனும் புலோலியூர் சதாசிவமும் டாக்டர்கள், யோ. பெனடிக்ற் பாலன் ஆசிரியர். நந்தியின் ‘மலைக்கொழுந்து’, பாலனின் ‘சொந்தக்காரன்’, ஞானசேகரனின் ‘குருதிமலை’, சதாசிவத்தின் ‘மூட்டத்தினுள்ளே’ எல்லாவற்றிலும் பரிவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஆனாலும் நோயாளியைப் பார்க்கும் கண் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றுள் முதலில் வாசிக்க வேண்டியது ‘குருதிமலை’. தோட்டக் காணி பறிபோகும் அபாயத்துக்கு எதிராக ஒரு சமூகம் திரளும் கதை என்பதால் அதற்குள் இயல்பாகவே ஓர் இழுவிசை உண்டு. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) இந்த வரிசைக்கு வெளியே, தனியே நிற்கிறது. இந்தியக் கிராமத்திலிருந்து கிளம்பி மலைக்கு வந்து சேர்ந்தவர்களைப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்த முக்கியமான நாவல் அது. பின்னாளில் ஆங்கிலத்திலும் வந்தது.

இந்தத் துறையில் ஒரே ஒருவரை மட்டும் வாசிக்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், தயங்காமல் சொல்லவேண்டிய பெயர் தெளிவத்தை ஜோசப் (1934–2022). பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ‘மீன்கள்’ கதையில் ஒற்றை அறைக் காம்பராவில் பெற்றோரும் வயசுக்கு வந்த பிள்ளையும் ஒன்றாகப் படுத்துறங்க வேண்டியிருக்கிறது. இருட்டில் நேர்ந்துவிடும் ஒரு தவறும் அதைத் தொடரும் கூச்சமும்தான் கதை. லயத்தின் நீள அகலத்தைப் பற்றி எத்தனை அறிக்கைகள் எழுதினாலும் சொல்ல முடியாததை அந்தக் கூச்சம் சொல்லிவிடுகிறது. ஜோசப் குரலை உயர்த்துவதே இல்லை. வாசகர் தலை குனிந்துகொள்கிறார்.

‘காலங்கள் சாவதில்லை’ (1974) வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. தென்னிந்தியச் சஞ்சிகை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, உள்ளூர் நாவல்களுக்குப் பெரிய வாசகர் கூட்டம் கிடைத்த காலம். ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி 1979இல் வெளியாகிச் சாகித்திய விருது பெற்றது. உண்மையிலேயே சவாலான நாவலைத் தேடுகிறவர் ‘குடை நிழல்’ (2010) பக்கம் போகவேண்டும். கொழும்பில் வாழும் ஒரு சாதாரணத் தமிழர் சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்படுகிறார். வீடு தேடும் அலைச்சலும் தடுப்புக்காவலின் பயமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மெலிந்த புத்தகம்தான். ஆனால் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவனுக்கும் காலூன்ற ஓர் அடி நிலம் இல்லை என்பதை வேறு எந்த மலையக நாவலும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டவில்லை. தோட்டத்தைக் களமாகக் கொள்ளாத மலையக நாவல் இருக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

2013இல் விஷ்ணுபுரம் விருது ஜோசப்புக்குக் கிடைத்தபோது தமிழ்நாட்டு வாசகர்கள் பலர் அவர் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அப்போது அவருக்கு வயது 79. அந்த விருதையொட்டித்தான் ‘மீன்கள்’ என்ற பெயரிலேயே தேர்ந்தெடுத்த கதைகளின் தொகுப்பு தமிழ்நாட்டில் கைக்கு எட்டியது. அரை நூற்றாண்டு எழுதிய ஒருவரைப் பாக்கு நீரிணை தாண்டிக் கண்டுகொள்ள இத்தனை காலம் பிடித்திருக்கக் கூடாது.

மாத்தளை தனி ஊற்று. வடிவேலன், மாத்தளை சோமு, மலரன்பன் மூவரும் சேர்ந்து ‘தோட்டக்காட்டினிலே’ (1980) தொகுப்பைத் தந்தார்கள். மலரன்பனின் ‘கோடிச் சேலை’யும் கட்டாயம் வாசிக்க வேண்டியது. தலவாக்கலையின் மல்லிகை சி. குமார் ஓவியரும் கவிஞருமாக இருந்ததால், அவர் சிறுகதைகளில் காட்சி முதலில் வரும், பேச்சு பிறகு வரும். அல் அஸூமத்தின் ‘அறுவடைக் கனவுகள்’ நிதானமாக நடக்கும் நாவல். பொறுமையுள்ளவருக்கு அது நிறையக் கொடுக்கும். இன்றைய எழுத்தில் சிவனு மனோகரனையும் பிரமிளா பிரதீபனையும் தேடிப் படிக்கலாம். பிரமிளாவின் ‘கட்டுபொல்’ தேயிலையை விட்டு விலகி, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் நுழைகிறது. மலையகம் என்றாலே கொழுந்துக் கூடையும் பனிமூட்டமும் என்று பழகிப்போன வாசகரை அந்த நாவல் உலுக்கிவிடும்.

ஓர் எழுத்தாளரை முடித்தபின் அடுத்தவரைத் தேட நல்ல உபாயம், அதே தொழிலை வேறு நாட்டில் எழுதியவரைத் தேடுவது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கியது. ராமையாவை வாசித்துவிட்டு அதற்குத் திரும்பினால், தூரத்திலிருந்து கொதித்த மனசுக்கும் கூடையோடு மலையேறிய மனசுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று புலப்படும். வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்தார்; பாலாவின் ‘பரதேசி’ படத்துக்குப் பின் அதைப் பலரும் அறிவார்கள். முல்க் ராஜ் ஆனந்த் 1937இலேயே அஸ்ஸாம் தேயிலையை நாவலாக்கியவர். மலேசிய ரப்பர்க் காட்டுக்குப் போக அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ உண்டு, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அங்கிருந்து மேலும் இருண்ட இடத்துக்கு அழைத்துப்போகும். இவற்றை அடுத்தடுத்து வாசிக்கும்போது மலையகக் கதை ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் பிராந்தியச் சரக்காகத் தோன்றாது. கூலித் தமிழர் உலகமெங்கும் எழுதிய ஒரே பெரிய கதையின் நடுப்பக்கம் அது.

வாசிக்க மனசிருந்தும் புத்தகம் கிடைக்காததே பெரிய தொல்லை. பல நாவல்கள் ஒரே பதிப்போடு நின்றுபோயின. கொழும்பில் பூபாலசிங்கம் போன்ற புத்தகசாலைகளில் கேட்டுப் பார்க்கலாம். செப்டெம்பர் மாதப் புத்தகக் கண்காட்சியில் சில அகப்படும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இந்தத் துறைக்குச் செய்திருப்பது அளவில்லாத உபகாரம். பழைய மலையக நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. பொல்பிட்டியவில் இருக்கும் பிள்ளை ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, தன் தாத்தா காலத்துத் தொகுப்புகளைத் தேடி வாசிக்கலாம்.

2023இல் மலையக மக்கள் வந்து சேர்ந்ததன் இருநூறாவது ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நினைவுச் சின்னங்கள் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. அந்த அக்கறையில் ஒரு பங்கு இந்தப் புத்தகங்களுக்கும் வேண்டும். ‘ஒரு கூடைக் கொழுந்து’, ‘நாமிருக்கும் நாடே’, ‘தூரத்துப் பச்சை’, ‘குருதிமலை’, ‘குடை நிழல்’ என்ற ஐந்தையும் மலிவு விலையில் மறுபதிப்புச் செய்து, ஹட்டன் கல்வி வலயத்துப் பாடசாலை நூலகங்கள் எல்லாவற்றிலும் தலா இரண்டு பிரதி வைப்பது பதிப்பாளரும் பழைய மாணவர் சங்கங்களும் மனசு வைத்தால் ஒரே வருஷத்தில் முடிகிற காரியம். செய்யக்கூடியவர்கள் முன்வர வேண்டும்.