குடியை விட்டவர்கள் கூடும் இடம்: தமிழகத்திலும் இலங்கையிலும்

குடியை விடுவது என்று சென்னையில் ஒருவர் முடிவெடுத்தால், பெரும்பாலும் அன்று மாலையே தன்னைப் போன்ற பத்துப் பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடலாம். அதே முடிவை யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ எடுப்பவருக்கு, தன் மொழியில் பேசும் அப்படியொரு கூட்டம் அவ்வளவு சுலபமாக அகப்படாது. இரு நாட்டிலும் நோய் ஒன்றுதான். அதை எதிர்த்துக் கூடும் விதம்தான் வேறு.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பிறந்தது. பங்குச்சந்தையில் வேலை பார்த்த ஒருவரும் ஒரு மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் துணையாக இருந்து குடியை விட்டார்கள். 1957இல் அந்த வழி இந்தியாவுக்கு வந்தது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். இத்தகைய மையங்கள் பெருகப் பெருக, சிகிச்சை முடிந்து போகிறவரிடம் ‘ஏ.ஏ. மீட்டிங்கை விட்டுவிடாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் தமிழகத்தில் ஊன்றிவிட்டது.

மாதா கோவிலை ஒட்டிய ஒரு கூடம், அல்லது பள்ளி விட்டபிறகு காலியாக இருக்கும் வகுப்பறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். புதிதாக வருகிறவர் கதவோரம்தான் உட்காருவார். யாரும் அவரை முன்னால் வரச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். மனைவியின் தாலி அடகுக்குப் போனது, பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் விழுந்து கிடந்தது என ஒளிவுமறைவில்லாமல் பேசுவார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, அறிவுரையும் கிடையாது. கட்டணமில்லை, முடிந்தவர்கள் போடுகிற காசில்தான் டீயும் வாடகையும். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி. குடிப்பவரின் மனைவிக்கும் வீட்டாருக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. இதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சு என்று ஒதுக்க முடியாது. 27 ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குடியைத் தொடர்ந்து அறவே தவிர்க்க வைப்பதில் ஏ.ஏ. வழி மற்ற உளவியல் சிகிச்சைகளை மிஞ்சுவதாகக் கண்டது.

இலங்கை வேறு பாதையில் போனது. கொழும்பில் ஏ.ஏ. கூட்டங்கள் உண்டு, 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் குடிப்பவருக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை தருகிறது. ஆனால் அந்த நாட்டின் கவனமெல்லாம் ஊர் மீதுதான். மதுசாரம், போதைப்பொருள் தகவல் நிலையம் 1987 முதல் இளைஞர்களிடமும் கிராமங்களிலும் வேலை செய்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதையும் தடை செய்தது. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் மதுக்கடைகளைத் திறக்கக் கூடாது. மனநல மருத்துவர் தியநாத் சமரசிங்க போன்றவர்கள், குடிக்கு ஊர் கொடுக்கும் கவர்ச்சியை உடைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து, மாதம் சாராயத்துக்குப் போகும் காசைத் தாளில் கூட்டிப் பார்க்கிறார்கள். வடமத்திய மாகாணக் கிராமங்கள் சிலவற்றில் வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அன்றைய பொழுது சந்தோஷமாகப் போனதா இல்லையா என்று பிள்ளைகள் அதில் குறிப்பார்கள். அப்பா அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்னும் குடிக்கத் தொடங்காத பையனை ஏ.ஏ. காப்பாற்றாது, ஊர்தான் காப்பாற்ற முடியும். டாஸ்மாக் என்ற பெயரில் அரசே மதுக்கடை நடத்தும் தமிழகத்தில் இந்த வேலை நடப்பது போதவே போதாது. தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில் ஊராரின் துணையோடு நடந்த சிகிச்சை முகாம்கள் நல்ல முன்மாதிரி. அவை ஊருக்கு ஊர் பரவியிருக்க வேண்டும்.

ஆனால் விடிந்ததும் கை நடுங்குகிறவருக்கு நாட்காட்டி போதாது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அவருக்கு வைத்தியர் வேண்டும். பிறகு, இதே நரகத்திலிருந்து வெளியே வந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். சாராயத் தவறணைக்குப் போகும் பாதையில் எதிர்ப்படுகிற எல்லாருக்கும் அவரைத் தெரிந்த கிராமத்தில், ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று அவர் எதைச் சொல்வார்? சென்னைக்காரர் வெட்கமாக இருந்தால் நாலு பேட்டை தள்ளிப் போய்ப் பேசலாம். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருப்பவருக்கு அந்த மறைவு இல்லை.

கொரோனாவுக்குப் பிறகு கூட்டங்கள் ஜூமுக்கும் வந்துவிட்டன. இரு நாட்டுக்கும் நேரம் ஒன்று, இரு நாட்டுத் தமிழருக்கும் மொழியும் ஒன்று. சென்னையில் இரவு எட்டு மணிக்குத் தமிழில் நடக்கும் கூட்டத்தில் வவுனியாக்காரர் கேமராவை அணைத்துவிட்டு உட்காரலாம். தமிழகத்து ஏ.ஏ. நண்பர்கள் அந்த இணைப்பை இலங்கையின் மனநலப் பிரிவுகளுக்கும் ஆலோசனை நிலையங்களுக்கும் தாமாகவே அனுப்பிவைக்க வேண்டும். அப்படிக் கேட்டுத் தேறிய இரண்டு பேர் ஓர் ஊரில் சேர்ந்தால், அவர்களே நேரில் கூடத் தொடங்கலாம். இரண்டு மூன்று பேர் இருந்தாலே குழுதான் என்கிறது ஏ.ஏ. மரபு. இன்றே பேச வேண்டும் என்றால் இந்தியாவில் 14446க்கும், இலங்கையில் 1927க்கும் அழையுங்கள்.