மடித்து வைத்த வரிகள் யார் கையில்?

அவுட்லைனர் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதுகிறவனுக்குப் பேனா எந்தக் கம்பெனி என்பதா பிரச்சினை என்று கேட்பார்கள். பேனா யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். எழுதிய நோட்டு யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

2018 மே மாதம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பற்றிய ஓர் அறிக்கைக்காக நாங்கள் ஐந்து பேர் மூன்று ஊர்களிலிருந்து குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் இணையத்தில் ஓடும் ஓர் அவுட்லைனரில். தெரியாதவர்களுக்கு: தலைப்பு, அதன் கீழ் துணைத் தலைப்பு, அதற்கும் கீழே வரிகள் என்று கிளை கிளையாக எழுதிக்கொண்டே போகலாம், வேண்டாத கிளையை மடித்து வைக்கலாம், ஒரு கிளையை வேரோடு தூக்கி இன்னொன்றின் கீழ் நடலாம். நூறு பேரின் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவனுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். 23 முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை அரசு நிறுத்தியது. எங்கள் மடிக்கணினித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாவு விழுந்த ஊரில் நோட்டு போச்சே என்று புலம்புவது அசிங்கம். ஆனால் அந்த வாரம்தான் நோட்டு வேண்டியிருந்தது. யார் எந்த ஆஸ்பத்திரியில், எந்த வீட்டில் யாரிடம் பேசினோம், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் - எல்லாம் மடிந்த கிளைகளுக்குள். விரிக்கிற உரிமை மட்டும் எங்களிடம் இல்லை. கடைசியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ரீஃபில்லும் வாங்கினோம்.

இணையம் திரும்பிய பிறகு மேசைக் கணினியிலேயே இயங்கும் மாற்று ஒன்றைத் தேடலாம் என்று பேச்சு வந்தது. உடனே எங்கள் கோட்பாட்டுத் தோழர் ஒருவர் குறுக்கே விழுந்தார். "அவுட்லைனரே மரம் தோழர். மரம்னா வேர், தண்டு, மேலே கீழே. டெல்யூஸும் கத்தாரியும் 1980லேயே இதைப் போட்டு உடைச்சாச்சு. நீங்க இணையத்துல வெச்சா என்ன, மேசையில வெச்சா என்ன, படிநிலைதான் மிஞ்சும்." வருணத்தை எதிர்க்கிறவன் படிநிலைக் கருவியில் எழுதலாமா என்பது வரை போனது. இந்த வாதத்தின் கவர்ச்சி எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் எதைப் பார்த்தாலும் 'ரைசோம்' என்று சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் அவுட்லைனரில் கீழே கிடக்கிற வரியை ஒரே விசையில் மேலே கொண்டுவந்துவிடலாம். ஊரில் அப்படியா இருக்கிறது? கிளை எங்கே போக வேண்டும் என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்கிற வரை மரத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. நிலம் யாருடையது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் தன் கணினி முறையை மேடையில் இயக்கிக் காட்டினார். மௌஸ் உலகறிய வந்தது அன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். கடைக்குப் போய் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் ஒன்றை எடுத்து, வகை பிரித்து, மடித்தும் விரித்தும் காட்டியது அதே மேடையில். ஆனால் கணினி அந்த அரங்கில் இல்லை. ஏறத்தாழ 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. மேடையில் இருந்தவை திரை, விசைப்பலகை, மௌஸ் போன்றவைதான். பணம் கொடுத்தவர்களில் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி நிறுவனமான ஆர்ப்பாவும் உண்டு. மடித்துக் காட்டப்பட்ட அந்தப் பட்டியலும் வேறெங்கோ இருந்த எந்திரத்தில்தான் இருந்தது.

பிறகு டேவ் வைனர் 1983இல் திங்க்டேங்க் என்ற அவுட்லைனரைச் சொந்தக் கணினிக்குக் கொண்டுவந்தார். 1986இல் மக்கின்டோஷுக்கு மோர் வந்தது. அடுத்த ஆண்டே அவருடைய கம்பெனி சைமன்டெக்குக்குள் போய்விட்டது. மோர் ஒரு கட்டத்தில் கைவிடப்பட்டது. அதில் எழுதி வைத்தவர்கள் பழைய எந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. 2010இல் வொர்க்ஃப்ளோயி அவுட்லைனரை உலாவிக்குள் கொண்டுபோனது. தூரத்து எந்திரத்திலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து மறுபடி தூரத்து எந்திரத்துக்கு. அதே 2010இல்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன், தன் வேலையை அடுத்தவர் சர்வரிடம் ஒப்படைக்கிறவர் அந்த வேலையின் மீதுள்ள அதிகாரத்தையும் சேர்த்தே ஒப்படைக்கிறார் என்று எழுதினார். அப்போது அதைக் கொஞ்சம் முசுட்டுத்தனம் என்றே பலரும் நினைத்தோம்.

சரி, மேசைக்கு வந்துவிட்டால் விடுதலையா? மோர் கதையே போதும், இல்லை என்று சொல்ல. தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கதைகூட வேண்டாம். தொண்ணூறுகளில் நாம் தட்டச்சு செய்ததெல்லாம் சொந்தக் கணினியில்தானே? ஃபிளாப்பி கையில் இருந்தது. கோப்பு இருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நம் கட்டுரை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்று தரப்படுத்தப் பார்த்தார்கள். டிஸ்கி ஒருபுறம் ஓடியது. யூனிகோட் நிலைபெற இன்னும் பல வருஷம் ஆனது. எத்தனை சிறுபத்திரிகைகளின் மூலப்பிரதி இப்படி உரிமையாளர் கண்ணெதிரிலேயே ஊமையாகிக் கிடக்கிறது! நம் கையில் இருப்பதும் நம்மால் வாசிக்க முடிவதும் வேறு வேறு என்பதை நமக்கு யாரும் கோட்பாடாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, மாற்று தேடும்போது நிரலின் அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோப்பைப் பார்க்க ஆரம்பித்தோம். இணையக் கம்பியைப் பிடுங்கினால் திறக்கிறதா? நிரலையே அழித்துவிட்டு, சும்மா நோட்பேடில் திறந்தால் கண்ணால் வாசிக்க முடிகிறதா? கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கிறதா? பளபளப்பான பலதும் இரண்டாவது கேள்வியில் விழுந்தன. அப்சிடியன் தேறியது. டைனலிஸ்ட் என்ற இணைய அவுட்லைனரை உருவாக்கியவர்களே 2020இல் கொண்டுவந்தது அது. கோப்பெல்லாம் நம் கணினியில், சாதா எழுத்தாக. நிரலின் உள்மூலம் மட்டும் மூடிக்கிடக்கிறது. நிரல் மூடியிருந்தாலும் கோப்பு திறந்திருப்பது, கோப்பும் மூடிக்கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு தேவலை. ஆனாலும் நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆர்க்-மோட். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் ஈமாக்ஸுக்காக எழுதியது. ஒரு நட்சத்திரக்குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத் தலைப்பு, டேப் விசையை அழுத்தினால் மடியும், மறுபடி அழுத்தினால் விரியும். நோட்பேடில் திறந்தாலும் நட்சத்திரங்களை எண்ணிக் கிளையைக் கண்டுபிடித்துவிடலாம். படிப்பது லேசில்லை. ஈமாக்ஸின் விசைச் சேர்க்கைகளைப் பழகுவதற்குள் ஐவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு மறுபடி நாற்பது பக்க நோட்டுக்கே போய்விட்டார். இன்றுவரை அதில்தான் எழுதுகிறார்.

பழைய குறிப்புகளை அந்த இணையச் சேவையிலிருந்து ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கினோம். வரிகள் வந்தன, கிளைகள் வந்தன. எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்பது வரவில்லை. வாக்குமூலத்துக்கு அதுதானே முதுகெலும்பு?

மேசையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் விற்பனைப் பிரதிநிதி ஆகிவிடுவேன். பீமா கோரேகான் வழக்கில் 2018இல் கைதான ரோனா வில்சனின் கணினியை அவர் தரப்புக்காக ஆராய்ந்த ஆர்செனல் கன்சல்டிங், நெட்வயர் என்ற உளவுநிரல் வழியாக, அவர் அறியாமலே அதில் கடிதங்கள் நுழைக்கப்பட்டிருந்தன என்று 2021இல் அறிக்கை தந்தது. சொந்தக் கணினி, சொந்த மேசை, சொந்தக் கோப்பு. அதன் பிறகு எங்கள் கோப்புகளைப் பூட்டி வைக்கிறோம். பெயர்கள் தனியே, பேச்சு தனியே. போதுமா என்றால், போதாதுதான்.

இழப்பு ஒன்றை மறைக்கக் கூடாது. இணைய அவுட்லைனரில் நாங்கள் ஐவரும் ஒரே நேரத்தில் ஒரே மரத்தில் எழுத முடிந்தது. ஒருவர் எழுத எழுத இன்னொருவர் திரையில் வரி முளைக்கும். அது தரும் தோழமை உணர்வு பொய்யில்லை. இப்போது சின்க்திங் வழியாகக் கோப்பைக் கணினிக்குக் கணினி நேரடியாக அனுப்பிக்கொள்கிறோம். இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே கோப்பைத் தொட்டுவிட்டால் இரண்டு பிரதிகள் விழும், ஒன்றின் பெயரில் 'முரண்' என்ற முத்திரையோடு. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒருநாள் அப்படி விழுந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவின் பேச்சு. ஒரு தோழர் "கூலி பத்தாது" என்று எழுதியிருந்தார். கூடப் போயிருந்த இன்னொருவர் அதே இடத்தில் "கூலி பத்தாதுன்னு சொன்னா நாளைக்கு வராதேங்கான்" என்று எழுதியிருந்தார். இணையத்தில் இருந்தபோது பின்னால் எழுதியவரின் வரி முன்னால் எழுதியவரின் வரியைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். எத்தனை விழுங்கியதோ, இனித் தெரியப்போவதில்லை.

அக்காவிடம் திரும்பப் போய் இரண்டையும் வாசித்துக் காட்டினோம். "ரெண்டும் நாஞ் சொன்னதுதான்" என்றார், "மொத தடவை மேஸ்திரி பக்கத்துல நின்னாம்லா." அறிக்கையில் இரண்டையும் அச்சிட்டோம், மேஸ்திரி நின்றதையும் சேர்த்து.