முதல் பெண்ணுக்கும் இரண்டாம் பெண்ணுக்கும் இடையில்

விண்வெளிக்குப் போன முதல் பெண் யார் என்றால் பொது அறிவுப் புத்தகங்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: வாலன்டினா தெரஷ்கோவா, 1963. இரண்டாவது பெண் யார் என்று அவை கேட்பதில்லை. ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா, 1982. இடையில் 19 ஆண்டுகள். பெண்ணின் வெற்றிக் கதையாக நமக்குச் சொல்லப்படுவதை நான் இந்த இடைவெளியில் நின்றுதான் வாசிக்கிறேன்.

1962இல் சோவியத் அரசு ஐந்து பெண்களைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் வாலன்டினா பொனமர்யோவா பொறியாளர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். தெரஷ்கோவா நூற்பாலைத் தொழிலாளி, பாராசூட்டில் குதித்துப் பழகியவர். தந்தையைப் பின்லாந்துப் போரில் இழந்தவர். பனிப்போர்க் காலத்தில் உலகத்துக்குக் காட்டுவதற்கு உழைக்கும் வர்க்கத்துப் பெண்ணின் முகம் அரசுக்குத் தேவைப்பட்டது. இதனால் அவர் செய்தது சிறிதாகிவிடாது. வஸ்தோக்-6இல் தன்னந்தனியாக ஏறக்குறைய 71 மணி நேரம் பறந்து, பூமியை 48 முறை சுற்றினார். அதுவரை பறந்த அமெரிக்க வீரர்கள் அனைவரின் நேரத்தைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. அதே நவம்பரில் விண்வெளி வீரர் நிக்கலாயெவுடன் அவருக்குத் திருமணம்; குருஷ்சேவே வந்து வாழ்த்தினார். குழுவிலிருந்த மற்ற நால்வரும் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. 1969இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா? மெர்குரி வீரர்களுக்குச் செய்த உடற்சோதனைகள் பலவற்றில் 13 பெண்கள் தேறியிருந்தார்கள். ஜெட் சோதனை விமானியாக இருந்திருக்க வேண்டும் என்றது நாசாவின் விதி. அந்த வேலையை ராணுவம் பெண்களுக்குக் கொடுத்ததே இல்லை! 1962 ஜூலையில் நாடாளுமன்றக் குழுவின் முன் ஜெர்ரி காப் வாதாடினார். பெண்கள் இத்துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பின் இயல்பு என்ற பொருளில் சாட்சி சொன்னார் ஜான் க்ளென். பட்டப்படிப்பும் தகுதிகளில் ஒன்றுதான். தேர்வானபோது க்ளென்னிடம் பட்டம் இல்லை. அவருக்காக வளைந்த விதி இவர்களுக்காக வளையவில்லை.

1978இல்தான் நாசா ஆறு பெண்களைச் சேர்த்தது. உடனே மாஸ்கோவுக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். சாலி ரைடு 1983 ஜூனில் பறப்பதற்குள், 1982 ஆகஸ்டிலேயே சவீத்ஸ்கயா சல்யூட்-7 நிலையத்தை அடைந்தார். விமான ஓட்டத்தில் உலக சாதனைகள் படைத்திருந்த அவரை அங்கிருந்த ஆண்கள் சமையல் ஏப்ரன் ஒன்றை நீட்டி வரவேற்றார்கள். 1984 ஜூலையில் அவர் நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி உலோகத்தை வெட்டினார், பற்றவைத்தார். கேத்ரின் சல்லிவனின் விண்நடை அக்டோபரில் நடக்க இருந்தது. அதை முந்துவதற்காகவே இந்த அவசரம்.

நம் ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் ககன்யானுக்கு அறிவிக்கப்பட்ட நால்வரும் ஆண்கள், விமானப்படையின் சோதனை விமானிகள். மனிதர்களுக்கு முன்னால் வெள்ளோட்டமாக அனுப்பவென்று செய்த ரோபோவுக்கு மட்டும் பெண்ணுருவம் கொடுத்து, வியோமித்ரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.