உறையே கடிதத்தைச் சொல்லிவிடும்!

"எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் என் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளட்டும்!" என்று சொல்பவர்களை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். நீங்களேகூட அப்படிச் சொல்லியிருக்கலாம். அவர்களிடம் ஒரு கேள்வி: குளிக்கப் போகிறவர் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாரே, உள்ளே அவர் ஏதாவது குற்றமா செய்கிறார்?

இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு பார்க்க வேண்டிய படம் 'சிட்டிசன்ஃபோர்'. அமெரிக்காவைச் சேர்ந்த லாரா பாய்ட்ரஸ் இயக்கி, 2014-இல் வெளிவந்த ஆவணப்படம் இது. 2015-இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. பரிசு பெற்ற படம் என்பதற்காகக் குறை சொல்லக்கூடாது என்பதில்லை. நிறை, குறை இரண்டையும் பார்ப்போம்.

2013 ஜூன் மாதம். ஹாங்காங்கில் ஒரு ஹோட்டல் அறை. வெள்ளை விரிப்பு விரித்த கட்டிலில் 29 வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் எட்வர்ட் ஸ்னோடன். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைக்காக வேலை செய்தவர். அந்த முகமை தன் நாட்டு மக்களையே பெருமளவில் வேவு பார்க்கிறது என்பதைக் காட்டும் இரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுக்கிறார். படத்தின் பெரும்பகுதி அந்த அறைக்குள்ளேயே நடக்கிறது. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் நம் நெஞ்சு படபடக்கிறது. மேசைமேல் இருக்கும் தொலைபேசியின் இணைப்பைப் பிடுங்குகிறார் ஸ்னோடன்; கீழே வைத்திருக்கும்போதே அதன் வழியாக ஒட்டுக்கேட்க முடியும் என்கிறார். கடவுச்சொல்லைத் தட்டும்போது தலையோடு சேர்த்துக் கணிப்பொறியைச் சிவப்புத் துணியால் மூடிக்கொள்கிறார். வேடிக்கையாகத் தோன்றும் காட்சிதான். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. வரலாறு நடந்துகொண்டிருக்கும்போதே படமெடுத்த துணிச்சலே இப்படத்தின் பெரும் சிறப்பு.

இனி, குறைக்கு வருவோம். படம் நமக்கு அச்சத்தைத் தருகிறது. அறிவை அந்த அளவுக்குத் தரவில்லை. ஆவணங்களின் பெயர்கள் திரையில் வந்து மறைகின்றன. அவற்றின் பின்னால் உள்ள அறிவியல் என்ன?

முதலில் வெளிவந்த ஆவணத்தையே எடுத்துக்கொள்வோம். வெரிசான் என்ற தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் அரசிடம் தர வேண்டும் என்ற நீதிமன்ற ஆணை அது. யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்பதை மட்டும் கொடுத்தால் போதும். பேசியது என்ன என்பது வேண்டாம். இப்படிப்பட்ட விவரத்தை 'மெட்டாடேட்டா' என்பார்கள். கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் பார்ப்பது போன்றது இது. "உறையைத்தானே பார்க்கிறார்கள், போகட்டும்" என்று தோன்றுகிறதல்லவா?

ஒருவர் காலையில் இரத்தப் பரிசோதனை நிலையத்துடன் பேசுகிறார். மாலையில் புற்றுநோய் மருத்துவருக்கு அழைப்பு. பிறகு காப்பீட்டு அலுவலகம். நள்ளிரவில் அண்ணனுடன் 1 மணி நேரப் பேச்சு. என்ன பேசினார்கள் என்று இனி யாராவது சொல்ல வேண்டுமா?

ஆராய்ச்சியும் இதையே கூறுகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் கைப்பேசிகளின் 15 மாத இருப்பிடப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ந்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்பதற்கு 4 புள்ளிகள் கிடைத்தால் போதும். 100-க்கு 95 பேரின் தடத்தைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம். பெயரை அழித்தாலும் காலடித் தடம் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த உண்மையைத் தொடும் காட்சி படத்தில் ஒன்று உண்டு. பயண அட்டையையும் வங்கி அட்டையையும் இணைத்தால் என்னென்ன தெரியவரும் என்று ஒருவர் விளக்குகிறார். அது இன்னும் சற்று நீண்டிருக்கக் கூடாதா!

இன்னொரு குறை, அரசுத் தரப்பு வாதத்தைப் படம் நிதானமாக ஆராயவில்லை. பயங்கரவாதத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றது அரசு. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. அமெரிக்க அரசின் கண்காணிப்புக் குழு ஒன்றே அதைச் சோதித்துப் பார்த்தது. பயங்கரவாதம் பற்றிய எந்த விசாரணையின் முடிவையும் இந்த அழைப்புத் திரட்டு மாற்றியதாகத் தெரியவில்லை என்று 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2015-இல் புதிய சட்டம் வந்து, முகமை மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தியது. ஆர்வமூட்டும் காட்சிகளைவிட இத்தகைய சான்றே ஐயப்படுபவரையும் இணங்க வைக்கும்.

மூன்றாவது குறைதான் நம்மைச் சுடுவது. அரசு எடுத்துக்கொண்டதைப் படம் காட்டுகிறது. நாமாகவே அள்ளிக் கொடுப்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஸ்ட்ராவா என்ற செயலி ஓட்டப் பயிற்சிகளைப் பதிவு செய்வது. பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து, 2017 நவம்பரில் அந்நிறுவனம் ஓர் உலகப் படம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் அதில் ஒரு விந்தை தென்பட்டது. ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட பகுதிகளில் சில இடங்கள் மட்டும் பளிச்சென ஒளிர்ந்தன. அவை இராணுவ முகாம்கள்! எந்த ஒற்றனும் போய்க் கண்டுபிடிக்கவில்லை. வீரர்களே ஓடி ஓடி வரைந்து கொடுத்த வரைபடம் அது.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? பயணம் கிளம்பும்போதே "குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம்" என்று படம் போடுகிறோம். வீடு பூட்டியிருப்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. குழந்தை பள்ளிச் சீருடையில் நிற்கும் படத்தைப் பகிர்கிறோம். அது படிக்கும் பள்ளி எதுவென்று முன்பின் தெரியாதவரும் அறிந்துகொள்கிறார். அந்தக் குழந்தையிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

குறைகள் இருந்தாலும், மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் 'சிட்டிசன்ஃபோர்'. பார்த்து முடித்ததும் உங்கள் கைப்பேசியை எடுத்து, எந்தெந்தச் செயலிக்கு உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வழிகாட்டும் செயலிக்கு அது தேவை. விளக்கெரிக்கும் செயலிக்கு எதற்கு? தேவையற்றதை அப்போதே நிறுத்திவிடுங்கள். அரசுகளைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு; நம் கதவுக்கு நாமே தாழிடும் கடமையும் உண்டு.