யாருடைய ஜாதகம்?

ஓவியர்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. இளமையில் அவர் ஆற்றையும் தோப்பையும் வரைந்தார்; பிறகு ஐரோப்பா போனார், அல்லது அங்கிருந்து வந்த புத்தகங்களைப் பார்த்தார்; உருவங்கள் கலைந்தன; முடிவில் அருவத்தை அடைந்தார். 'அடைந்தார்' என்கிற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர் மலையில் படியேறிச் சந்நிதியை அடைகிற மாதிரி. நிலக்காட்சி என்பது அடிவாரம், அருவம் என்பது கர்ப்பக்கிருகம். நம்மிடையே கவிதையைப் பற்றிப் பேசுகிறவர்களும் இதே படிக்கட்டைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படியில் யாப்பு, மேல்படியில் நாம். இந்தப் படிக்கட்டு நமக்குச் சௌகரியமாக இருப்பதாலேயே ஓவியனுக்கும் அதைக் கடனாகக் கொடுத்துவிடுகிறோம்.

கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி இந்தக் கதையைச் சில வருஷங்கள் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருடைய ஆரம்பகால நீர்வண்ண நிலக்காட்சிகளைக் 'காலண்டர் படங்கள்' என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம், அவற்றை நேரில் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பிறப்பு கொங்கு மண்ணில் என்றாலும் அவர் தூரிகை நாடியது மலையாளக் கரையின் ஈரத்தை. சிறுவயதிலேயே நிலக்காட்சி வரையத் தொடங்கியவர். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார், பிறகு இன்ஷூரன்ஸ். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் அவர் மாணவராகச் சேர்ந்தது 1936இல், இருபத்தைந்து வயதில். பின்னால் அதே பள்ளியில் ஆசிரியர். 1957 முதல் அதன் தலைவர். இடையில் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம், 1954இல் ஐரோப்பியப் பயணம், 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்கிற வரிசையின் தொடக்கம், 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். 1977இல் காலமானார். இவையெல்லாம் எந்தக் கண்காட்சிக் கையேட்டிலும் கிடைக்கும். கையேட்டில் கிடைக்காதது, தந்தி ஆபீசில் உட்கார்ந்திருந்தவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரையும் தென்னையையும் எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது.

திருவனந்தபுரத்தில் மியூசிய வளாகத்துக்குள் பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ஒரு முழுப்பகல் இருந்தேன். எழுத்தும் சின்னமும் நிறைந்த பெரிய கான்வாஸ்களைப் பார்க்கத்தான் போனது. நீர்வண்ணப் படங்களின் முன்னால் நிற்கப் போகிறேன் என்று நினைக்கவில்லை. நின்றேன்.

எனக்குப் பச்சையின்மேல் சந்தேகம் உண்டு. திருச்செங்கோட்டில் வளர்ந்தவனுக்கு அது இயல்பு. எங்கள் பக்கம் வருஷத்தில் பாதி நாள் நிலம் வெறும் நிலமாகவே கிடக்கும். மானாவாரி. சித்திரையில் உழுது போட்ட செம்மண், ஆடியில் கண்ணில் அடிக்கிற புழுதிக்காற்று, ஐப்பசி மழை தப்பாமல் பெய்தால் சோளம், இல்லாவிட்டால் ஆமணக்குச் செடியும் வெள்ளாடும். பனைமரம் எல்லா மாதத்திலும் ஒரே மாதிரி நிற்கும். பாறை, வேலமரம், மறுபடி பாறை. இந்த நிலத்தை வரைய நாலு வர்ணம் தாராளம். ஐந்தாவது கையில் இருந்தால் பொய் சொல்லத் தோன்றும். ஆகவே வாய்க்கால், தோணி, நனைந்த கரை என்று எங்கே பார்த்தாலும் அது இன்னொருவருடைய செழிப்பைப் பார்க்கிற மாதிரிதான் எனக்கு.

ஆனால் பணிக்கரின் நீர்வண்ணங்களில் செழிப்பு விஷயமே இல்லை. அவர் பார்ப்பது வெளிச்சத்தை. மழை விட்டபின் ஓர் அரைமணி நேரம் மண்ணிலிருந்தே வெளிச்சம் வருகிற மாதிரி இருக்குமே, அதை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசுகிற வெள்ளை இல்லை; காகிதத்தை விட்டுவைப்பதுதான் வெள்ளை. எங்கே கை வைக்கக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய் வர்ணக்காரன் தப்பு செய்தால் சுரண்டி எடுத்து மேலே பூசிவிடலாம்; நீர்வண்ணக்காரனுக்கு இரண்டாவது தவணை கிடையாது. இந்த ஒழுக்கத்தில் பழகிய கை அது. பருவத்தை வரைகிறவன் உண்மையில் அவசரத்தில் இருக்கிறான். இன்னும் பத்து நிமிஷத்தில் அந்த வெளிச்சம் போய்விடும். காலண்டர் படத்துக்கு அந்த அவசரம் இல்லை, அதில் எல்லா மாதமும் ஒன்றுதான். நான் சொன்னது தவறு.

அன்று மாலை பெரிய கான்வாஸ்களுக்குத் திரும்பியபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்த எழுத்துகளுக்கும் கட்டங்களுக்கும் பின்னால் இருக்கிற தளம் கனமாக இல்லை. பூச்சு மெலிசாக ஓடுகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் கசிகிறது. முப்பது வருஷத்துக்குப் பின்னாலும் அது நீர்வண்ணக்காரனின் கைதான். தோணியும் தென்னையும் போய்விட்டன; அவை இருந்த இடத்தில் எண்கள், மலையாள எழுத்தைப் போலத் தோற்றம் தருகிற கிறுக்கல், கணிதச் சமன்பாடு மாதிரி ஏதோ, மீன், பறவை, ஜாதகக் கட்டம். நிலக்காட்சி போகவில்லை. அதன்மேல் யாரோ எழுதிவிட்டார்கள். இப்படிப் பார்க்கிறபோது 'அடைந்தார்' என்கிற சொல்லுக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஸ்டுடியோ வாழ்க்கை பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு ஓவியனின் அறை என்றால் ஒரு மயக்கம். வடக்கு ஜன்னல், டர்பன்டைன் வாசனை, கவலையற்ற தாடி. பணிக்கர் தலைவராக இருந்த காலத்தில் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி அழகியல் கேள்வியே அல்ல. பள்ளியிலிருந்து வெளியே வருகிற பையன்கள் மறுநாள் என்ன செய்வார்கள்? சென்னையில் ஓவியம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விளம்பரக் கம்பெனிக்கோ சினிமா பேனருக்கோ போனால் ஐந்து வருஷத்தில் கை போய்விடும். அவர் கண்ட வழி பத்திக். துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் தோய்க்கிற வேலை. ஓவியர்கள் சேர்ந்து பத்திக்கும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். சோழமண்டலத்தின் அஸ்திவாரம் இந்தியத் தத்துவத்தில் இல்லை, மெழுகில் இருக்கிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகச் சொல்கிறேன். பகலில் கைத்தொழில், மிஞ்சிய நேரத்தில் ஓவியம் என்கிற ஏற்பாட்டை வேறு பலரும் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். வீர சந்தானமும் ட்ராட்ஸ்கி மருதுவும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். தறிச்சத்தம் ஓயாத ஊரில் இருந்து எழுதுகிற எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு எல்லோரையும் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கே. ராமானுஜம் 1973இல் சோழமண்டலத்தில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய கனவு நகரங்களைப் பார்க்கிறவர்கள் அந்த வருஷத்தை மறந்துவிட்டுப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை.

இங்கே என் நண்பர் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. திருச்செங்கோடு ரிக் லாரிகளின் ஊர். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டிகள் இங்கிருந்து இந்தியா முழுக்கப் போகின்றன. அந்த வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிறவர் அவர். ஸ்டிக்கர் வந்தபின் வேலை குறைந்துவிட்டது என்றாலும் பட்டறையை மூடவில்லை. நூலில் சுண்ணாம்புத் தூள் தடவி, மேலே ஒன்று கீழே ஒன்று அடித்து, அந்த இரண்டு கோடுகளுக்குள் தமிழ், இந்தி, தெலுங்கு, கன்னடம் எல்லாம் எழுதுவார். அவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். மற்றவற்றைப் படமாகவே எழுதுகிறார். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடுகிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஓவிய விமர்சகர்கள் அவரிடம் மூன்று மாதம் உட்காரலாம்.

பணிக்கரின் சொல்-குறியீட்டு ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதியை அவரிடம் காட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எழுதத் தெரிஞ்ச கைதானுங்க. ஆனா யாரும் படிச்சிரக் கூடாதுன்னே எழுதியிருக்காரு."

பிறகு மூலையில் இருந்த கட்டத்தைக் காட்டி, "இது ஜாதகக் கட்டமாட்டம் இருக்குது. லக்கினம் எங்க போட்டிருக்காரு?" என்றார். போடவில்லை என்றேன்.

"அப்ப யாரோட ஜாதகமுங்க இது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. இன்றும் முழுசாக இல்லை. ஆனால் பணிக்கரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. வழக்கமாகச் சொல்லப்படுவது என்னவென்றால், மேற்கின் பிடியிலிருந்து விலகி இந்தியத் தன்மையைத் தேடிய பணிக்கர் அதை ஓலைச்சுவடியிலும் ஜாதகத்திலும் யந்திரத்திலும் கண்டுபிடித்தார் என்பது. எனக்கு இந்த விளக்கம் உவப்பாக இல்லை. ஜாதகம் என்பது பார்ப்பதற்கு உரியதல்ல, ஒருவனுக்கு உரியது. பெண் கொடுப்பதா இல்லையா, கிணறு வெட்டுவதா இல்லையா என்று ஒரு குடும்பம் அதன் முன்னால் நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கத்தைக் கழித்துவிட்டுக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது கோலம்.

எங்கள் மலைப்படியில் பாறையில் செதுக்கிய ஒரு நாகம் இருக்கிறது. அறுபது அடி நீளம் என்பார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் மஞ்சளும் குங்குமமும் வைக்கிறார்கள். காய்ந்த மஞ்சளின்மேல் புது மஞ்சள், அதன்மேல் குங்குமம், மழையில் பாதி கரைந்து மறுபடி மேலே குங்குமம். கலப்பு ஊடகம் என்று கண்காட்சிகளில் எழுதி ஒட்டுகிறார்களே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்கு அப்பால் அறுபதாம்படி. வழக்கு வியாஜ்ஜியம் என்று வந்தால் அந்தப் படியில் நின்று சத்தியம் செய்வது வழக்கம். செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஒரு கல்லுக்கு இந்த வல்லமையைக் கொடுத்தது அதைச் செதுக்கியவனில்லை, அதன் முன்னால் பொய் சொல்லப் பயந்தவர்கள். தனி ஓவியன் ஒருவன் தன் அறைக்குள் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. பணிக்கருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்திருக்கிறது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அதனால்தான் படிக்க முடியாதபடி எழுதினார். படிக்க முடிகிற எழுத்தை வைத்திருந்தால் அது போலி மந்திரமாகியிருக்கும். அவருக்குப் பின்னால் வந்த பலர் அந்த இடத்தில்தான் விழுந்தார்கள். ஓம், சூலம், தாமரை என்று எல்லோரும் படிக்கக்கூடிய சின்னங்களாகப் பார்த்து வைத்தார்கள். ஹோட்டல் வரவேற்பறைகளில் இப்போது அவை தொங்குகின்றன.

ஆக, லக்கினம் இல்லாத ஜாதகம் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஒரு நஷ்டமும் இருக்கிறது. பணிக்கரைக் கொண்டாடுகிறவர்கள் நேர்மையை மட்டும் சொல்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான இன்னொருவரை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆதிமூலத்தின் கோட்டை நம் வட்டத்தில் நேசிக்காதவர்கள் இல்லை. காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்திகள், மன்னர்கள், நம் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் போட்டுக்கொடுத்த அட்டைகள், தலைப்பெழுத்துகள், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த கறுப்பு மனிதர்கள். அதே ஆதிமூலம் பின்னாளில் கோட்டை விட்டுவிட்டு எண்ணெய் வர்ணத்தில் வெறும் வெளியை வரையத் தொடங்கியபோது நாம் என்ன செய்தோம்? மரியாதையாக மௌனம் காத்தோம். 2008இல் அவர் இறந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோட்டோவியங்களைப் பற்றித்தான். காரணம் கௌரவமானதல்ல. கோடு நம் எழுத்துக்குத் துணையாக நின்றது, வர்ணம் நிற்கவில்லை. நமக்குப் பயன்படாததை நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பணிக்கர் எழுத்தை நிலக்காட்சிக்குள் கொண்டுபோனார். ஆதிமூலம் எழுத்தின் பக்கத்திலிருந்து எழுந்து நிலக்காட்சிக்குத் திரும்பிப் போனார். அவருடைய அந்தத் தடித்த வர்ணப் பரப்புகளில் அடிவானம் கிடையாது, மரம் கிடையாது. ஆனாலும் எனக்கு அவை உழுத காடுகளாகவே தெரிகின்றன. அவர் கீரமங்கலத்துக்காரர் என்பது எனக்குத் தெரிந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறதா என்றும் கேட்டுக்கொள்கிறேன். இருக்கலாம்.

பட்டறையில் அன்று நடந்தது அதோடு முடியவில்லை. "இவரு முன்னால என்ன வரைஞ்சாரு?" என்று நண்பர் கேட்டார். பணிக்கரின் நீர்வண்ண நிலக்காட்சி ஒன்றின் பிரதி என்னிடம் இருந்தது. கொடுத்தேன். இதற்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் காட்டி, "இது எந்த மாசமுங்க?" என்றார்.

மழைக்காலம் என்றேன்.

"அது தெரியுதுங்க. எந்த மாசம்?"

எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. மலையாளக் கரையில் அது இடவத்தில் ஆரம்பிக்கும், துலாத்தில் ஒருமுறை திரும்பி வரும். இரண்டு மழைக்கும் வெளிச்சம் ஒன்றாக இருக்காது. திருவனந்தபுரத்தில் ஒரு முழுப்பகல் அந்தப் படங்களின் முன்னால் நின்றவனுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். ரிக் வண்டி ஒன்று வேலைக்கு வந்து நிற்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.