சேலத்துக் குரலும் கொழும்பு வீடும்: மொஹிதீன் பேக்கை நாம் கேட்ட விதம்

மர்ஹூம் அல்ஹாஜ் மொஹிதீன் பேக் பற்றி நம்மவர் மத்தியில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று பெருமைப் பேச்சு: "பாருங்கள், சிங்கள மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பாடகர் ஒரு முஸ்லிம்." நல்லிணக்கக் கூட்ட மேடைகளில் இதைத் தவறாமல் கேட்கலாம். மற்றது விறாந்தைப் பேச்சு: "புத்தரைப் பாடிப் பேரெடுத்தவர்தானே, அவர் எங்கட ஆளா?" இரண்டு பேச்சுமே அவருடைய பெயரையும் மதத்தையும் பற்றியவை. அவர் என்ன பாடினார், எப்படிப் பாடினார், வந்த ஊரில் ஒரு தொழிலை எப்படி நிலைநிறுத்தினார் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் இந்த இரண்டு பேச்சும் நிற்காது என்பதே என் எண்ணம்.

பேக் 1919 டிசம்பர் 5ஆம் திகதி சேலத்தில் பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில், பதின்ம வயதின் வாசலில், கொழும்புக்கு வந்தார். வந்தவர் திரும்பவில்லை. 1991 நவம்பர் 4ஆம் திகதி மௌத்தாகும் வரை இந்த மண்ணிலேயே பாடினார். ஊர் விட்டு ஊர் வந்து, இன்னொரு பாஷையைக் கற்று, அந்தப் பாஷை பேசுவோரின் வீட்டுக் குரலாகவே மாறிய ஒருவர். இப்படி ஒரு வாழ்க்கை நம்மிடையே அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தால் நடந்ததும் இல்லை. அவர் வந்திறங்கிய கொழும்பை முதலில் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த எல்பின்ஸ்டன் நாடகக் கம்பனி பார்சி நாடக மெட்டுகளை இங்கே இறக்கிவிட்டுப் போனது. அந்த வித்திலிருந்துதான் சிங்கள 'நூர்த்தி' நாடகம் முளைத்தது. ஜோன் டி சில்வா தன் நாடகங்களுக்கு இசையமைக்க விஸ்வநாத் லவ்ஜி என்ற வட இந்தியரையே வரவழைத்தார். 1911இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. சிங்கள வார்த்தைகளை ஹிந்துஸ்தானி ராகத்தில் கேட்டுப் பழகிய காதுகள் இப்படித்தான் உருவாகின. கிராமபோன் இசைத்தட்டு வந்தபோது அந்தக் காதுகளுக்கு ஏற்ற குரல் தேவைப்பட்டது. மேல்ஸ்தாயியில் உடையாமல் நிற்கிற, கஸலும் கவ்வாலியும் தெரிந்த குரல். சேலத்துப் பையனிடம் அது இருந்தது.

அந்தக் குரலை இனங்கண்டவர்களில் முதன்மையானவர் இசையமைப்பாளர் முஹம்மத் கவுஸ், கவுஸ் மாஸ்டர். இரண்டாவது சிங்களப் பேசும்படமான 'அசோகமாலா' 1947இல் வெளிவந்தது. அதற்கு இசை கவுஸ் மாஸ்டர், பாடியவர்களில் பேக் ஒருவர். பின்னாளில் அமரதேவ என்று நாடறிந்த அல்பர்ட் பெரேராவையும் வயலினோடு சினிமாவுக்குக் கொண்டுவந்தது அதே படம்தான். ஆக, சிங்களத் திரையிசையின் தொட்டிலை ஆட்டிய கைகளில் முஸ்லிம் கைகளும் இருந்தன. அந்தப் படம் தயாரான இடம் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோ. முதல் படமான 'கடவுணு பொறொந்துவ' மதுரையில் தயாரானது. சேலத்திலிருந்து கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து சிங்களப் பாடகரானவரின் சிங்களப் படம், சேலத்துக்குப் பக்கத்துக் கோயம்புத்தூரில் உருவாகி மறுபடி கடல் தாண்டி வந்திருக்கிறது. எது உள்ளூர், எது வெளியூர் என்று கோடு கிழிக்கிறவர்கள் இந்தப் படகுப் பாதையைக் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கிழிப்பது நல்லது.

இனி அந்தக் குரலுக்கு வருவோம். நான் சங்கீதம் படித்தவன் இல்லை. தமிழ் படித்தவன். பாட்டில் சொல் எப்படி விழுகிறது என்பதைத்தான் என்னால் கேட்க முடியும். பேக் பாடும்போது சொல்லின் முதல் எழுத்தை உரத்துப் பிடிக்கிறார். நெடில் வந்தால் அதை இழுத்து, நுனியில் ஒரு சிறு அசைவு கொடுத்து விடுகிறார். சிங்களக் கிராமியப் பாடலான 'சீபத'வில் இழுப்பு தளர்ந்து கீழே இறங்கும். இவருடைய இழுப்போ மேலே போய் நிற்கிறது. எனக்கு அது நல்ல குரல்வளம் உள்ள முஅத்தின் சொல்லும் பாங்கையும், மௌலூது மஜ்லிஸில் வயதான ஒருவர் ஓதும் கஸீதாவையுமே நினைவுபடுத்துகிறது. அவருடைய சிங்கள உச்சரிப்பில் ஓர் உருது வாடை கடைசி வரை போகவில்லை. ஒரு பாடகனுக்கு அது குறைதானே என்று கேட்கலாம். பேக்கின் பாட்டில் அது குறையாக நிற்கவில்லை, அடையாளமாகிவிட்டது. கேட்டவர்கள் அதைத் திருத்தச் சொல்லவில்லை. அதையும் சேர்த்தே நேசித்தார்கள்.

ருக்மணி தேவியோடு அவர் பாடிய ஜோடிப் பாடல்களை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1923இல் றம்பொடையில் டெய்ஸி டேனியல்ஸ் ஆகப் பிறந்த ருக்மணி, கொழும்புச் செட்டி வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். சேலத்து முஸ்லிமும் கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவப் பெண்ணும் சேர்ந்து ஒரு தலைமுறைச் சிங்களவருக்குக் காதலைப் பாடிக் காட்டினார்கள். ருக்மணியின் குரலில் ஒரு மென்மையான கலக்கம் உண்டு. பேக் அதன் பக்கத்தில் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பாடுகிறார். தனியே பாடும்போது வருகிற அந்த உரத்த பிடி ஜோடிப் பாட்டில் இல்லை. கூடப் பாடுபவருக்கு இடம் விடத் தெரிந்தவர். புதிய ஊரில் பிழைக்க வந்தவனுக்கு இது பாட்டில் மட்டும் தேவைப்படுகிற குணம் இல்லை.

1950களில் காற்று மாறியது. ஹிந்தி மெட்டைக் காப்பியடிப்பது போதும், சிங்களத்துக்கென்று ஓர் இசை வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1952இல் வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிக்க இந்தியாவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜன்கர் வந்தபோது, அந்தத் தேர்வுக்குப் போக மறுத்தார் சுனில் சாந்த. அது நியாயமான கேள்விதான். இரவல் மெட்டில் எத்தனை நாள் பாடுவது? பேக் அந்தப் பழைய மெட்டுக் காலத்தின் பிள்ளை. அலை ஒதுங்கும்போது அவரும் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கவில்லை. அவருடைய பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் மாதத்தின் ஒலியாகவே நிலைத்துவிட்டன.

பெருமைப் பேச்சு பேசுகிறவர்கள் மறந்துவிடும் ஆண்டு இங்கேதான் வருகிறது. 1956 மே மாதம் புத்த ஜயந்தி, 2500ஆவது ஆண்டு நிறைவு. அதே 1956இல்தான் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. அதற்கு எட்டாண்டு முன்பு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களைப் பல இலட்சக் கணக்கில் நாடற்றவர்களாக்கியிருந்தது. சேலத்தில் பிறந்த பேக்கும் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளியாள்தான். அவருக்குப் பண்டாரநாயக்க காலத்தில், சிறப்புக்குரியோர் என்ற வகையில் குடியுரிமை கிடைத்தது. எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, ஒரு சிலருக்கு மட்டும் திறந்த கதவு அது. தேயிலை பறித்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவர்களின் கணக்கு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தீர்க்கப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று.

பேக்குக்குக் கிடைத்த மரியாதை பொய் என்று நான் சொல்லவில்லை. மக்கள் அவர்மேல் வைத்த பாசம் அசல். ஆனால் ஒரு குரலை வீட்டுக்குள் அழைத்ததும், ஒரு மக்கள் கூட்டத்தைக் குடிமக்களாக ஏற்றதும் ஒன்றல்ல. பேக்கை உதாரணம் காட்டி "இந்த நாட்டில் யாருக்கும் பாரபட்சம் இல்லை" என்று மேடையில் சொல்லும்போது, பாடத் தெரியாத பல இலட்சம் பேரை நாம் மறைக்கிறோம். விசேஷத் திறமை இருந்தால்தான் வீடு என்றால், அது வீடா, பரிசா?

சரி, விறாந்தைப் பேச்சுக்கு வருவோம். பாட்டு ஆகுமா ஆகாதா, வேறு மார்க்கத்தாரின் பக்தியைப் பாடலாமா என்பதெல்லாம் உலமாக்கள் பேச வேண்டியவை. அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இலக்கியக்காரனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபின் வயலும் சோலையுமாக்கிப் பாடினார். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து அலைந்து திரிந்து சென்னை இராயபுரத்தில் தங்கிய மஸ்தான் சாகிபு மீது நான்மணிமாலை பாடியவர் சரவணப்பெருமாளையர். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர்ப் பாணி நாதஸ்வரத்தைத் தேடி வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 'பைஜு பாவ்ரா' படத்தின் புகழ்பெற்ற பஜனையை எழுதிய ஷகீல் பதாயுனி, இசையமைத்த நௌஷாத், பாடிய முஹம்மத் ரஃபி மூவரும் முஸ்லிம்கள். இவர்களை எல்லாம் "எங்கட ஆள்" என்று சொல்லத் தயங்காத நாம், பேக்கிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறோம்?

நாகூர் ஹனிபாவை வைத்துப் பார்த்தால் பதில் கொஞ்சம் தெளிவாகிறது. ஹனிபா (1925–2015) நம் வீடுகளில் பேக்கைவிட நூறு மடங்கு ஒலித்தவர். அவர் தமிழில் பாடினார், மார்க்கத்தைப் பாடினார், கட்சியையும் பாடினார். நமக்குப் புரிகிற பாஷையில், நமக்குப் பிடித்ததைப் பாடியதால் அவர் நம்மவராக இருப்பதில் சிக்கலே வரவில்லை. பேக் நமக்குப் புரியாத பாஷையில் பாடினார். அவரை நாம் ஒதுக்கியதற்கு மார்க்கத்தைவிட மொழிதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சிங்களம் தெரியாத கிழக்கு முஸ்லிம்களாகிய நமக்கு அவர் பெயராக மட்டுமே வந்து சேர்ந்தார், குரலாக வந்து சேரவில்லை.

நான் படிப்பிக்கிற தன்னாமுனைப் பக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். கத்தோலிக்கப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பு. வெசாக் நாட்களில் மட்டக்களப்பு நகரில் ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டொன்றைப் போனில் போட்டுக் காட்டினேன். "சேர், இது எந்த ஹாமுதுரு பாடினது?" என்றான் ஒருவன். "இது ஒரு முஸ்லிம் ஆள் பாடினது, தம்பி. அதுவும் சேலத்து ஆள்." "பொய் சொல்லாதீங்க சேர்!" வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு பிள்ளை கேட்டாள்: "அவர் எங்கட ஊர்ப் பக்கம் பாட வந்திருக்காரா?" என்னிடம் மறுமொழி இல்லை.

அந்தக் கேள்வி இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது. நம் பக்கத்தில் பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் இல்லாமலில்லை. ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று என்று இந்த வாவிக்கரை முழுக்கக் களிகம்பும் பொல்லடியும் றபானும் பக்கீர் பாவாக்களின் தாயிறாவும் இருந்தன. வயலில் பாடிய நாட்டார் கவியின் காதல் இன்றைக்கும் நம் தமிழ்ப் பாடத்தில் இருக்கிறது. பாடிய வாய்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? 1990இன் இரத்தமும் இடப்பெயர்வும் பலதை அள்ளிக்கொண்டு போனது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போட முடியாது. நல்ல குரல் உள்ள பிள்ளையைப் பார்த்து "இது சோறு போடாது" என்று முதலில் சொன்னவர்கள் நாம்தான். பேக்குக்குக் கொழும்பு ஒரு கவுஸ் மாஸ்டரைக் கொடுத்தது, ஓர் இசைத்தட்டைக் கொடுத்தது, ஒரு மேடையைக் கொடுத்தது. நம் ஊர் தன் பிள்ளைக்கு இதில் எதைக் கொடுத்தது?

நம் சமூகம் பற்றிய ஆய்வுகளில் அரசியல் தலைவர்கள் உண்டு, உலமாக்கள் உண்டு, வணிகர்கள் உண்டு, கவிஞர்களும் உண்டு. நான் வாசித்த தமிழ் நூல்களில் மொஹிதீன் பேக்குக்கு ஒரு பந்திக்கு மேல் இடம் கண்டதில்லை. கவுஸ் மாஸ்டருக்கு அதுவும் இல்லை. சிங்களமும் தமிழும் நன்றாகத் தெரிந்த பட்டதாரி மாணவர்கள் இன்றைக்கு நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பழைய இசைத்தட்டுகளையும் வானொலிப் பதிவுகளையும் தேடி, பாடல் பாடலாகக் கேட்டு, சொற்களைத் தமிழில் தந்து ஒரு நூல் செய்தால், அந்த மனிதரின் வேலை முதன்முறையாக நம் பாஷையில் நமக்குக் கேட்கும். இங்கே கிழக்கில் இன்னும் உயிரோடிருக்கும் றபான் கலைஞர்களையும் களிகம்பு அண்ணாவிமார்களையும் அதே கையோடு பதிவு செய்துவிட வேண்டும். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

வல்ல நாயன் மர்ஹூம் பேக் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.